ஓர் அவுன்ஸ் தேயிலை

ஏழையின் வீட்டுச் செலவைப் பற்றி அறிவுரை கூறாதவர் நம்முள் அரியர். ‘இருக்கின்ற காசைச் சிக்கனமாகச் செலவிட்டால் இவர்களுக்கு ஏன் இத்தனை துன்பம்?’ என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் எழுகின்றது. திருமண வீட்டுப் பந்தலில் எழுகின்றது. பங்கு இல்லத்துத் திண்ணையிலும் எழுகின்றது. நாமும் ஒரு காலத்தில் அதைக் கேட்டவர்களே. அதிலும் சற்று உரத்த குரலில் கேட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

உதவிப் பங்குத்தந்தையாக நாம் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில், கல்லுடைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்புக்கு அடிக்கடி செல்வதுண்டு. வீட்டில் அரிசி இல்லை என்று உதவி கேட்டு வந்த ஒரு தாய், மறுநாள் காலை தேநீர்க் கடை வாசலில் பிள்ளைகளுடன் நிற்கக் கண்டோம். ஒரு நாளைக்கு மூன்று முறை தேநீர் குடிக்கக் காசு இருக்கும்போது அரிசிக்கு மட்டும் எப்படி இல்லாமற் போகிறது என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் கோபப்படவில்லை. “சாமி, சோறு இருந்தா டீ எதுக்கு?” என்று மட்டும் கூறிவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் சென்றார். அது பேச்சுத் திறமையால் சொல்லப்பட்ட சமாளிப்பு என்றே அன்று எண்ணினோம்.

அந்த விடையின் பொருள் நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏழை மக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ அதே விடையை அந்நாட்டுக் கிராமக் குரு ஒருவர் தம் பங்கு மக்களின் சார்பில் எழுதி வைத்திருப்பதைக் கண்டோம். அவர் அதை ஊகமாக எழுதவில்லை. மாவுக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு, மெழுகுவர்த்திக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதினார். விலையும் வருமானமும் மாறும்போது ஒரு குடும்பம் எதை வாங்குகிறது, எதைக் கைவிடுகிறது என்னும் ஆராய்ச்சி இன்று பெரியதோர் அறிவியலாக வளர்ந்துள்ளது. அதன் தொடக்க காலக் கணக்கேடுகளுள் ஒன்று ஒரு பங்குக் குருவின் மேசையில் எழுதப்பட்டது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

பார்க்கம் ஊரின் கணக்கு

அவர் பெயர் டேவிட் டேவிஸ். இங்கிலாந்தின் தென்பகுதியில் பார்க்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த பார்க்கம் என்னும் சிற்றூரில், 1782 முதல் 1819 இல் இறக்கும்வரை ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குக் குருவாக இருந்தவர். வீடு வீடாகச் செல்லும் வழக்கம் உடையவர். தம் ஊர் உழவுத் தொழிலாளர் காலை முதல் மாலை வரை உழைக்கின்றனர், குடிகாரர் அல்லர், ஊதாரிகள் அல்லர், ஆயினும் அவர்தம் பிள்ளைகள் அரைவயிற்றுடனும் கிழிந்த ஆடையுடனும் இருக்கின்றனர். இது எப்படி என்னும் கேள்வி அவரை உறுத்தியது.

விடை தேடுவதற்கு அவர் மேற்கொண்ட வழி எளியது. 1787 ஆம் ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில், தம் பங்கைச் சேர்ந்த ஆறு குடும்பங்களின் வாராந்தர வரவையும் செலவையும் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர், நாட்டின் பிற பகுதிகளில் இருந்த நண்பர்களுக்கும் எழுதி, இதே முறையில் கணக்கெடுத்து அனுப்புமாறு வேண்டினார். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்குகள் சேர்ந்தன. அவற்றைத் தொகுத்து, ‘உழவுத் தொழிலாளரின் வழக்கு’ என்று பொருள்படும் தலைப்பில் 1795 இல் நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் முதற் குடும்பத்தை மட்டும் இங்கே அருகில் நின்று பார்ப்போம். கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள். மூத்த பிள்ளைக்கு எட்டு வயது, கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. அந்நாளைய ஆங்கில நாணயத்தில் 12 பென்ஸ் சேர்ந்தது ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன். கணவன், மனைவி இருவரின் வாராந்தர வருமானம் சராசரியாக 8 ஷில்லிங் 6 பென்ஸ். இதில் மனைவியின் பங்கு 6 பென்ஸ் மட்டுமே. ஐந்து சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன ஈட்ட முடியும்?

இனிச் செலவு. கேலன் 10 பென்ஸ் வீதம் ஏழரைக் கேலன் மாவு: 6 ஷில்லிங் 3 பென்ஸ். மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டும் உப்பும்: 4 பென்ஸ். உப்பிட்ட பன்றியிறைச்சி ஒரு ராத்தல்: 8 பென்ஸ். ஏழு பேருக்கு, ஏழு நாளுக்கு, ஒரு ராத்தல்! அதையும் கீரையோடு இரண்டு மூன்று தடவையாக வேகவைத்து, அந்தச் சாற்றில் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் இட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். தேயிலை ஓர் அவுன்ஸ் 2 பென்ஸ். சர்க்கரை முக்கால் ராத்தல் 6 பென்ஸ். வெண்ணெய் அல்லது பன்றிக் கொழுப்பு அரை ராத்தல் 4 பென்ஸ்: ஆக ஒரு ஷில்லிங். இவற்றோடு சோப்புக்கு இரண்டேகால் பென்ஸ். மெழுகுவர்த்திக்கு 3 பென்ஸ். கிழிந்த துணி தைக்கும் நூலுக்கு 3 பென்ஸ். மொத்தம் 8 ஷில்லிங் பதினொன்றேகால் பென்ஸ். வாரந்தோறும் ஐந்தேகால் பென்ஸ் துண்டு விழுகிறது. வீட்டு வாடகை, விறகு, ஆடை, காலணி, பேறுகாலச் செலவு, நோய்ச் செலவு ஆகியன இக்கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

இப்போது இக்கணக்கைச் சற்று வேறு விதமாகப் பார்ப்போம். செலவாகும் ஒவ்வொரு நூறு காசிலும் மாவுக்கு மட்டும் 70 காசு போகிறது. உணவு அனைத்தையும் சேர்த்தால் 92 காசு. ‘சிக்கனமாக இருங்கள்’ என்று அறிவுரை கூறுபவர் எஞ்சிய 8 காசில்தான் சிக்கனத்தைத் தேட வேண்டும். அங்கே இருப்பவை சோப்பும் விளக்கும் தையல் நூலும்! தேயிலைக்கு ஆவதோ நூற்றில் இரண்டு காசுக்கும் குறைவு.

தேநீர் யாருடைய குற்றம்?

ஆயினும் அக்காலத்து நல்லோர் பலரின் கண் அந்த ஓர் அவுன்ஸ் தேயிலையின் மேல்தான் விழுந்தது. தொண்டு நிறுவனங்களை நடத்திப் புகழ்பெற்ற ஜோனாஸ் ஹான்வே என்னும் வணிகர், 1757 இல் தேநீரைக் கண்டித்துக் கட்டுரையே எழுதினார். தேநீர் உடலைக் கெடுக்கிறது, நேரத்தைக் கெடுக்கிறது, நாட்டின் செல்வத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. செல்வர் குடித்தால் அது நாகரிகம். உழவுத் தொழிலாளியின் மனைவி குடித்தால் அது ஆடம்பரம் என்னும் மனப்பான்மை பல்லாண்டு நிலைத்தது.

டேவிஸ் இக்குற்றச்சாட்டை எதிர்கொண்ட விதம் நம் உள்ளத்தைத் தொட்டது. தேநீர் நல்லதா கெட்டதா என்று அவர் வாதிடவில்லை. ‘அவர்கள் வேறெதைக் குடிக்க முடியும்?’ என்று திருப்பிக் கேட்டார். முற்காலத்தில் உழவுத் தொழிலாளரின் குடிபானங்கள் இரண்டு: ஒன்று பால், மற்றொன்று, வீட்டிலேயே காய்ச்சிய போதை குறைந்த பீர். பொது மேய்ச்சல் நிலங்கள் இருந்த காலத்தில் ஏழையும் ஒரு பசுவை வைத்துக்கொள்ள முடிந்தது. அந்நிலங்கள் பல ஊர்களில் வேலியிட்டு அடைக்கப்பட்டுப் பெரிய பண்ணைகளோடு சேர்ந்தபின், பசு போயிற்று; பசுவோடு பாலும் போயிற்று. பீர் காய்ச்சுவதற்கு முளைகட்டிய வாற்கோதுமையான மால்ட் வேண்டும். அதன் மீதான வரி அதன் விலையை ஏழையின் கைக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டு சென்றது.

இந்நிலையில்தான் தேயிலையின் விலை எதிர்த்திசையில் நகர்ந்தது. 1784 இல் பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்த சட்டம், 119 விழுக்காடாக இருந்த தேயிலை வரியைப் பன்னிரண்டரை விழுக்காடாகக் குறைத்தது. கள்ளக்கடத்தலை ஒழிப்பதே அதன் நோக்கம். ஏழைகளுக்குத் தேநீர் வழங்குவது அன்று. ஆனால் விளைவு என்ன? பால் கிடைக்கவில்லை, பீர் ஏறிற்று, தேயிலை இறங்கிற்று. விலை குறைந்த தேயிலையின் நிறம் மட்டும் ஏறிய வெந்நீர், அதில் சிறிது பழுப்புச் சர்க்கரை: இதுவே உலர்ந்த ரொட்டியை விழுங்கத் துணையாயிற்று. ஏழையின் துன்பத்துக்குத் தேநீரைக் காரணமாகக் காட்டுவது தவறு, அத்துன்பத்திலிருந்து பிறந்த விளைவே தேநீர் என்பது டேவிஸ் கண்ட முடிவு. ‘சோறு இருந்தா டீ எதுக்கு?’ என்று நம்மிடம் கேட்ட தாயும் இதையேயன்றோ கூறினார்!

பொருளியலார் இதனைப் ‘பதிலீடு’ என்பர். ஒரு பொருளின் விலை ஏறும்போது அதன் வேலையைச் செய்யும் மலிவான வேறொன்றுக்கு மக்கள் மாறுகின்றனர். இதில் ஒழுக்கக் கேடு எதுவும் இல்லை. கூர்ந்து நோக்கினால் அறிவுடைமையே இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து காண்பவருக்கு மாறிய பொருள் மட்டுமே தெரிகிறது. அம்மாற்றத்தின் பின்னே இருந்த விலைகள் தெரிவதில்லை.

கோதுமை விலை ஏறிய ஆண்டு

டேவிசின் நூல் வெளியான 1795 ஆம் ஆண்டே, அவர் சொன்னவற்றுக்கெல்லாம் கொடிய உரைகல்லாக அமைந்தது. விளைச்சல் பொய்த்தது, பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு குவார்ட்டர் கோதுமையின், அதாவது ஏறத்தாழ 220 கிலோவின், ஆண்டுச் சராசரி விலை 1792 இல் 43 ஷில்லிங்காக இருந்தது. 1794 இல் அது 52 ஷில்லிங்கைத் தாண்டியது. 1795 இல் 75 ஷில்லிங் ஆயிற்று. கூலி இதற்கு ஈடாக ஏறவில்லை. நாட்டின் பல இடங்களில் மக்கள் கோதுமை வண்டிகளை மறித்தனர்; சந்தைகளில் தானியத்தைக் கைப்பற்றித் தாமே நியாயமென்று கருதிய விலைக்கு விற்றனர்.

பார்க்கம் ஊரின் முதற் குடும்பத்தை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவோம். மாவின் விலை பாதியளவு ஏறியதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கேலன் 10 பென்சுக்கு விற்றது 15 பென்ஸ் ஆகிறது. ஏழரைக் கேலன் மாவுக்கு 9 ஷில்லிங் நாலரை பென்ஸ் வேண்டும். குடும்பத்தின் முழு வருமானமே எட்டரை ஷில்லிங்தான்! இறைச்சியையும் தேயிலையையும் சோப்பையும் விளக்கையும் முற்றிலும் துறந்தாலும் பழைய அளவு ரொட்டியை அவர்களால் வாங்க இயலாது. கூலியாகக் கைக்கு வரும் நாணயம் மாறவில்லை. ஆனால் அந்த நாணயத்தின் ஆற்றல் கரைந்துவிட்டது. விலையேற்றம் என்பது சொல்லாமல் செய்யப்படும் கூலிக் குறைப்பு என்பதை இக்கணக்கு போலத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அவ்வாண்டு டிசம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் வீடுகளில் கோதுமை நுகர்வை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வதாக உறுதி எடுத்துக்கொண்டனர். நல்ல நோக்கம்தான். அவர்கள் மேசையில் இறைச்சியும் மீனும் காய்கறியும் பாலாடைக் கட்டியும் இருந்தன. ரொட்டியைக் குறைப்பது அவர்களுக்குக் கடினமன்று. உழவுத் தொழிலாளியின் நிலையோ முற்றிலும் வேறு. அவன் உண்பவற்றுள் வயிற்றை நிரப்புவதில் மிகவும் மலிவானது ரொட்டியே. ரொட்டியின் விலை ஏறினாலும், அதே அளவு பசியை அடக்கும் இறைச்சி அதைவிடப் பன்மடங்கு விலை. ஆகவே அவன் முதலில் கைவிடுவது இறைச்சியை. அந்த இறைச்சி போன இடத்தை நிரப்ப இன்னும் சிறிது ரொட்டி வேண்டியிருக்கும். விலை ஏறிய பொருளையே அதிகமாக வாங்க நேரும் இந்த விந்தையை வறுமையின் எல்லையில் நிற்பவரே அறிவர்.

இதை உணராதோர் பலர். 1797 இல் ‘ஏழைகளின் நிலை’ என்னும் மூன்று தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்ட சர் ஃபிரெடரிக் மார்ட்டன் ஈடன் அரிய உழைப்பாளர்; நாடெங்கும் தகவல் திரட்டியவர். ஆயினும், வடபகுதித் தொழிலாளர் ஓட்ஸ் கஞ்சியும் வாற்கோதுமைக் கூழும் பாலும் உண்டு குறைந்த செலவில் வாழும்போது, தென்பகுதியார் வெண்ணிறக் கோதுமை ரொட்டியே வேண்டும் என்பது சிக்கனம் அறியாமையே என்னும் கருத்து அவரிடம் இருந்தது. டேவிசின் பக்கங்களில் இதற்கு மறுமொழி இருக்கிறது. பாலும் இறைச்சியும் உடன் இருந்தால் கரடுமுரடான ரொட்டியும் போதும். ரொட்டி ஒன்றே உணவாகும்போது அது நல்ல ரொட்டியாக இருந்தாக வேண்டும். மேலும், கூழும் சாறும் நெடுநேரம் அடுப்பில் கொதிக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். பொது நிலங்களை இழந்த ஊர்களில் சுள்ளி பொறுக்கும் இடமும் போயிற்று. விறகு விலை கொடுத்து வாங்க வேண்டிய இடத்தில், மலிவான தானியத்தின் கூழ் உண்மையில் மலிவானதன்று.

இன்னொன்றும் டேவிஸ் கண்டார். முன்பு தொழிலாளி தன் பண்ணையாரிடமே சிறிதளவு கோதுமையை நேரடியாக வாங்கிக்கொண்டான். பின்னர் பண்ணையார்கள் மொத்த வியாபாரிகளுக்கே விற்கத் தலைப்பட்டனர். தொழிலாளி கடைக்குச் சென்று சில்லறையாக, பெரும்பாலும் கடனுக்கு, மாவு வாங்க நேர்ந்தது. சிறுகச் சிறுக வாங்குவோன் அதிக விலை தருகிறான். ஏழையாக இருப்பதற்கே ஒரு தனிச் செலவு உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

கூலியும் ரொட்டியும்

டேவிஸ் முன்வைத்த தீர்வுகளுள் தலையாயது, நாட்கூலியை ரொட்டியின் விலையோடு இணைக்க வேண்டும் என்பதாகும். ரொட்டி ஏறினால் கூலியும் ஏற வேண்டும். இதனை அவர் இரக்கமாகக் கேட்கவில்லை. உழைப்பவனுக்கு உரிய நீதியாகக் கேட்டார்.

1795 மே 6 ஆம் நாள், அதே பார்க்ஷயர் மாவட்டத்தின் நடுவர்கள் ஸ்பீனம்லாந்து என்னும் இடத்தில் பெலிக்கன் விடுதியில் கூடினர். கூலியைச் சட்டத்தால் நிர்ணயிக்க அவர்கள் விரும்பவில்லை. விலைவாசிக்கு ஏற்பக் கூலியை உயர்த்துமாறு பண்ணையார்களைக் கேட்டுக்கொண்டனர். அத்துடன் ஓர் அட்டவணையையும் வகுத்தனர். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள கேலன் ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், ஓர் ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை ஷில்லிங் வருமானம் இருக்க வேண்டும். ரொட்டி ஒவ்வொரு பென்னி ஏறும்போதும் ஆணுக்கு 3 பென்சும் மற்றவர்க்குத் தலைக்கு ஒரு பென்னியும் கூட வேண்டும். உழைப்பால் கிடைப்பது இதற்குக் குறைந்தால், எஞ்சியதைப் பங்குதோறும் திரட்டப்படும் ஏழைகள் வரியிலிருந்து தர வேண்டும். நாம் கண்ட எழுவர் குடும்பத்துக்கு இந்த அட்டவணையைப் பொருத்தினால், ரொட்டி ஒரு ஷில்லிங் விற்கும்போது வாரம் 12 ஷில்லிங் உரியதாகும். அவர்கள் ஈட்டியதோ எட்டரை. அந்த இடைவெளியே அவர்களது வறுமையின் அளவு.

நல்லெண்ணத்தில் பிறந்த இவ்வேற்பாட்டில் ஒரு குறை ஒளிந்திருந்தது. கூலி எவ்வளவு குறைந்தாலும் மீதியை ஏழைகள் வரி ஈடுசெய்யும் என்றால், கூலியை உயர்த்தப் பண்ணையாருக்கு என்ன தூண்டுதல் இருக்கும்? உழைப்பவனோ, தன் உழைப்புக்கு உரிய ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிச்சை போலப் பெற நேர்ந்தது. இக்குறையை உணர்ந்த சாமுவேல் விட்பிரெட், குறைந்தபட்சக் கூலியை நடுவர்கள் நிர்ணயிக்க வகைசெய்யும் சட்ட முன்வரைவை 1795 இறுதியில் கொண்டுவந்தார். பிரதமர் பிட் அதனை எதிர்த்தார். 1796 பிப்ரவரியில் அது தோல்வியுற்றது. உதவித் தொகை முறை பல மாவட்டங்களில் நீடித்தது. பின்னர் 1834 இல் வந்த புதிய ஏழைகள் சட்டம், உதவித் தொகையே ஏழைகளைச் சோம்பேறிகளாக்கியது என்ற குற்றச்சாட்டின் மேல், தொழிலில்லங்களுக்குள் அவர்களைத் தள்ளியது. அந்தக் குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்று 1963 இல் மார்க் பிளாக் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் எழுதினார். நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பால் அந்த ஏழைகளுக்கு என்ன பயன்?

கணக்கு அறிவியலாகின்றது

டேவிஸ் தொடங்கி வைத்த வழியில் பின்னர் பலர் நடந்தனர். 1855 இல் பெல்ஜியம் நாட்டின் எடுவார்டு டுக்பெசியோ தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை வெளியிட்டார். பிறர் உதவியில் வாழ்வோர், உதவியின்றித் தட்டுத்தடுமாறி வாழ்வோர், ஓரளவு வசதியுடன் வாழ்வோர் என்று அவற்றை மூன்றாக வகுத்தார். ஜெர்மனியின் சாக்சனி அரசில் புள்ளியியல் பணியகத்தின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் எங்கல், 1857 இல் அக்கணக்குகளை ஆராய்ந்தார். முதல் வகையினர் தம் செலவில் ஏறத்தாழ 71 விழுக்காட்டையும், இரண்டாம் வகையினர் 67 விழுக்காட்டையும், மூன்றாம் வகையினர் 62 விழுக்காட்டையும் உணவுக்குச் செலவிட்டதைக் கண்டார். வருமானம் குறையக் குறைய, உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகிறது. வருமானம் உயர உயர அப்பங்கு சுருங்கி, ஆடைக்கும் கல்விக்கும் ஓய்வுக்கும் இடம் பிறக்கிறது. ‘எங்கல் விதி’ என்று இது இன்றும் வழங்குகிறது.

ரொட்டி விலை ஏறும்போது ஏழைகள் ரொட்டியையே கூடுதலாக வாங்க நேரும் என்னும் செய்தியை, ஆல்பிரட் மார்ஷல் தம் பொருளியல் நூலின் 1895 ஆம் ஆண்டுப் பதிப்பில் சர் ராபர்ட் கிஃபன் கூறியதாகக் குறித்தார். அது உண்மையில் நிகழ்வதுண்டா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 2008 இல் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்னும் இருவர், சீனாவின் ஹூனான் மாநிலத்து மிக ஏழைக் குடும்பங்களிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டனர். அரிசியின் விலையை மானியத்தால் குறைத்தபோது அக்குடும்பங்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டு பிற உணவுக்குத் திரும்பியதையும், மானியம் நீங்கி விலை ஏறியபோது அரிசியைக் கூடுதலாக வாங்கியதையும் அவர்கள் கண்டனர். மலிவான அரிசி ஏழைக்குத் தந்தது அரிசியை மட்டுமன்று. அதற்கு அப்பால் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் தந்தது.

விலை மாற்றத்தின் இவ்விரு முகங்களையும் முதன்முதலில் கணித முறையில் பிரித்துக் காட்டியவர் யூஜின் ஸ்லட்ஸ்கி என்னும் உருசியப் பேரரசைச் சேர்ந்த அறிஞர்; ஆண்டு 1915. ஒரு முகம் பதிலீடு: ஏறியதை விட்டு ஏறாததற்கு மாறுதல். மற்றொரு முகம் வருமான இழப்பு: ஏறிய விலையால் குடும்பம் முழுவதுமே முன்னினும் ஏழையாதல். 1934 இல் ஹிக்சும் ஆலனும் இங்கிலாந்தில் இதனைத் தாமாகவே கண்டு விரித்துரைத்தனர். செல்வர் வீட்டில் முதல் முகமே பெரிதாகத் தெரியும்; ஏழை வீட்டில் இரண்டாம் முகமே அடுப்பங்கரை வரை வந்து நிற்கும். பார்க்கம் ஊரின் கணக்கில் தேநீர் முதலாவதற்குச் சான்று. ரொட்டி இரண்டாவதற்குச் சான்று.

நாம் கற்க வேண்டியது

நம் நாட்டிலும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகள் நடைபெறுகின்றன. 1999-2000 இல் இந்தியக் கிராமக் குடும்பங்கள் சராசரியாகத் தம் செலவில் 59 விழுக்காட்டை உணவுக்குச் செலவிட்டன. 2022-23 கணக்கெடுப்பில் அது 46 விழுக்காடாகக் குறைந்திருந்தது. எங்கல் கூறியவாறு பார்த்தால் இது மகிழத் தக்க மாற்றமே. ஆனால் சராசரி என்பது எல்லாரையும் ஒரே பாயில் படுக்கவைப்பது. நீண்டவர் கால் வெளியே தெரியாது. குறுகியவர் குளிரும் தெரியாது. சராசரிக்குக் கீழே வாழும் வீட்டில் பார்க்கம் ஊரின் கணக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.

விலையேற்றத்தை ஈடுசெய்ய மாதச் சம்பளக்காரர் பெறும் அகவிலைப்படிக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் ‘பஞ்சப்படி’. எத்துணைப் பொருள் பொதிந்த சொல்! விலை ஏறுவது ஊதியக்காரருக்கு ஒரு சிறு பஞ்சம் என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது. ரொட்டி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்று டேவிஸ் எழுதியதன் உட்பொருளும் அதுவே. ஆனால் கல்லுடைப்பவருக்கும், கட்டட வேலைக்குச் செல்பவருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் ஒவ்வொரு விலையேற்றத்தின்போதும் பஞ்சம் மட்டுமே வருகிறது; படி வருவதில்லை. நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோரின் ஊதியத்தைக் கடைசியாக எப்போது உயர்த்தினோம், அதன்பின் அரிசியும் எண்ணெயும் எவ்வளவு ஏறின என்று கணக்கிட நமக்குப் பெரிய அறிவியல் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

ஏழையின் தேர்வு நமக்கு வியப்பாகத் தோன்றும்போது, அவர் எதைத் தேர்ந்தார் என்று மட்டும் பாராமல், எவற்றிலிருந்து தேர்ந்தார் என்று கேட்கப் பழக வேண்டும். டேவிஸ் தம் பங்கு மக்களைக் கண்டிக்கும் முன் அவர்கள் கணக்கைக் கேட்டார். நாமோ கணக்கைக் கேட்கும் முன்னரே கண்டித்துவிட்டோம்.

அத்தாயை மீண்டும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. வேறு பங்குக்கு மாற்றலாகிச் சென்றோம். அக்குடும்பமும் வேலை தேடி வேறூருக்குச் சென்றுவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். இன்று கண்டால், தேநீருக்குக் காசு ஏது என்று கேட்க மாட்டோம். அன்று அவருடைய நாட்கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை, விறகு என்ன விலை, பால் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்வோம். கேட்டு முடிந்தபின், அருகில் அமர்ந்து அவரோடு ஒரு குவளைத் தேநீர் குடிப்போம்.